காலம் சுமக்கும் வினை: ஆங்கில ‘டூ’வின் கதை

“வாட் டிட் யூ டூ?” என்ற நான்கு சொல் கேள்வியில் ஒரே வினை இரண்டு முறை வருகிறது. கடைசியில் நிற்கும் ‘டூ’வுக்குச் செய்தல் என்று பொருள். இடையில் வரும் ‘டிட்’டுக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. ‘நீ என்ன செய்தாய்?’ என்று தமிழில் கேட்க ஒரு ‘செய்’ போதும். ஜெர்மன், ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளுக்கும் ஒன்று போதும். ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவான ஃப்ரீசிய மொழிக்கும் அப்படித்தான். ஆங்கிலமோ, கேள்வி கேட்கவும் மறுக்கவும் பொருளற்ற ஒரு வினையைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. “கேம் ஹி?” என்று இன்று யாரும் கேட்பதில்லை, “டிட் ஹி கம்?” என்றே கேட்கிறார்கள். “ஹி கேம் நாட்” என்பது பழைய நூல்களில் மட்டும் இருக்கிறது.

இந்தக் கட்டாயம் எப்படி வந்தது என்ற கேள்வி மொழியியலாளர்களை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஈர்த்துவருகிறது. அதற்கான விடையின் ஒரு பகுதி தமிழ் வாசகருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு முன் இந்த வினை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

‘டூ’வின் முதல் பொருள் செய்தல் அன்று, வைத்தல். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதை மொழியில் ‘வை, இடு’ என்ற பொருளில் ஒரு வினையடி இருந்தது. மூச்சொலி கலந்த தகரத்தில் தொடங்கும் அந்த அடி சமஸ்கிருதத்தில் ‘தா’ என்றும், கிரேக்கத்தில் ‘தே’ என்றும், லத்தீனில் ஃபகரமாகத் திரிந்து ‘ஃபா’ என்றும் வழங்கியது. ஜெர்மானியக் கிளையில் டகரமாயிற்று. சமஸ்கிருதத்தில் ‘கொடு’ என்று பொருள்படும் இன்னொரு ‘தா’வும் உண்டு. தமிழெழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தானம் பிறந்தது கொடுக்கும் ‘தா’விலிருந்து, நாம் இங்கே பேசுவது வைக்கும் ‘தா’வைப் பற்றி.

வைத்தல் என்ற பழம்பொருள் ஆங்கிலத்திலிருந்து முழுதாக மறைந்துவிடவில்லை. ஆடை அணிவதை ‘டான்’ என்றும் தொப்பியைக் கழற்றுவதை ‘டாஃப்’ என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ‘டூ ஆன்’, ‘டூ ஆஃப்’ என்ற இரட்டைச் சொற்கள் ஒட்டிக்கொண்டு உருவானவை அவை. ஆடையை மேலே இடு, மேலிருந்து எடு என்பதே அவற்றின் பொருள். அங்கே ‘டூ’வைச் செய்தல் என்று எடுத்தால் எதுவும் விளங்காது.

சமஸ்கிருத ‘தா’வின் பிள்ளைகள் தமிழில் ஏராளம். விதி, நிதி, சந்தி, சமாதி, சிரத்தை, அவதானம் எல்லாம் அந்த அடியில் பிறந்தவை. உள்ளே வைக்கப்பட்டது நிதி, சேர்த்து வைக்கப்பட்டது சந்தி, மனத்தை ஒன்றில் முழுதாக நிறுத்தி வைப்பது சமாதி. சிரத்தை இவற்றுள் மிகச் சுவையானது. ஒன்றின் மேல் நெஞ்சை வைத்தல் என்பது அதன் பழம்பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். அதே கூட்டுச்சொல் லத்தீனில் ‘கிரேடோ’, அதாவது ‘நம்புகிறேன்’ என்றாகி, வங்கியில் நாம் கேட்கும் ‘கிரெடிட்’டாக வந்து நிற்கிறது. ஃபேக்டரி, ஆபீஸ் ஆகியவை லத்தீன் வழி வந்த உறவினர், தீம், தீசிஸ் ஆகியவை கிரேக்க வழி வந்தவை. ஒரு மாணவர் தன் ‘தீசிஸ்’ஸை ஆபீஸில் ஒப்படைத்தேன் என்று சொல்லும் வாக்கியத்தில் இந்த ஒரே அடி இரண்டு முறை வந்துவிடுகிறது.

இவற்றுள் ‘விதி’க்கும் ஆங்கிலத்தின் ‘டூம்’ என்ற சொல்லுக்கும் உள்ள ஒப்புமை தனியே சொல்லத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் ‘டோம்’ என்றால் சட்டம், தீர்ப்பு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்ஃபிரட் அரசரின் சட்டத் தொகுப்பை ‘டோம்-போக்’ என்றார்கள், தீர்ப்புப் புத்தகம் என்று பொருள். முதலாம் வில்லியம் 1086இல் எடுப்பித்த நிலக் கணக்கேட்டுக்கு மக்கள் பின்னாளில் ‘டூம்ஸ்டே’ ஏடு என்று பெயரிட்டார்கள். இறுதித் தீர்ப்பு நாளைப் போல அதன் பதிவுக்கும் மேல்முறையீடு இல்லை என்பதே காரணம். காலப்போக்கில் அந்தச் சொல் சட்டத்திலிருந்து தீர்ப்புக்கும், தீர்ப்பிலிருந்து தவிர்க்க முடியாத அழிவுக்கும் நகர்ந்தது. ‘விதி’யும் இலக்கண விதி, சட்ட விதி என்று ஒரு பக்கமும், தலைவிதி என்று மறுபக்கமும் நிற்கிறது. ‘வைக்கப்பட்டது’ என்ற ஒரே கருவிலிருந்து சட்டமும் ஊழும் இரண்டு நிலங்களில் தனித்தனியே கிளைத்திருக்கின்றன.

வைத்தல் எப்போது செய்தலாயிற்று? ஜெர்மானிய மொழிகளின் மேற்குக் கிளையில் இந்த மாற்றம் நடந்தது. ஆங்கில ‘டூ’, டச்சு ‘டூன்’, ஜெர்மன் ‘டுன்’ மூன்றும் அக்கிளையைச் சேர்ந்தவை. வடக்குக் கிளையில் செய்தலுக்கு வேறு வினை உண்டு. கிழக்கில், நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தை மொழிபெயர்த்த கோத்திக் மொழியிலும் இந்த வினை தனித்து வருவதில்லை. ஆனால் கோத்திக்கில் அது வேறொரு வேடத்தில் தென்படுகிறது. ‘பூசினோம்’ என்பதற்கு அம்மொழியில் ‘சல்போடேடும்’ என்பார்கள். ‘சல்போ’ பூசுதல், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ‘டேடும்’ பார்வைக்கு ‘செய்தோம்’ போலவே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வாக்ட்’, ‘லவ்ட்’ என்று இறந்தகாலம் காட்டும் டகர விகுதியே ஒரு காலத்தில் தனிச்சொல்லாக நின்ற ‘டிட்’டின் தேய்ந்த எச்சம் என்று பலர் கருதுவதற்கு இதுவே முதன்மையான சான்று. இதை ஏற்காதவர்களும் உண்டு. ஒலி விவரங்கள் எல்லாம் ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் வாதம். ஏற்பவர்கள் பக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. அவர்கள் சொல்வது சரியானால், காலத்தைச் சுமப்பது இந்த வினைக்குப் புதிய வேலை அன்று. எழுத்து வருவதற்கு முன்பே ஒருமுறை அந்த வேலையைப் பார்த்து, தேய்ந்து, விகுதிக்குள் கரைந்துபோயிருக்கிறது.

‘டிட்’ என்ற வடிவமும் தொன்மையானது. அதில் டகரம் இருமுறை வருவது தற்செயல் அன்று. வினையின் முதலெழுத்தை இரட்டித்து வடிவம் அமைப்பது மூதாதை மொழியின் வழக்கம். சமஸ்கிருத ‘ததாதி’யிலும் கிரேக்க ‘டிதேமி’யிலும் காண்பது அந்த இரட்டிப்புத்தான். ஆங்கிலத்தில் அது மற்ற வினைகளிலெல்லாம் மறைந்துவிட்டது. எல்லாரும் நொடிக்கொரு தரம் சொல்லும் ‘டிட்’டில் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி பிழைத்திருக்கிறது.

இனி மையக் கேள்விக்கு வருவோம்: பொருளுள்ள வினை எப்படிப் பொருளற்றதாயிற்று?

பழைய ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவந்தால் போதும். மறுக்க ‘நே’ என்ற சிறு சொல்லை வினைக்கு முன் வைத்தால் போதும். ‘டோன்’ என்ற வினை செய்தலையும் வைத்தலையும் குறித்தது, முன்னால் வந்த வினையைத் திரும்பச் சொல்லாமல் அதன் இடத்தில் நிற்கவும் பயன்பட்டது. 1066க்குப் பின் வந்த இடைக்கால ஆங்கிலத்தில்தான் துணைவினையாக அதன் தடம் தெரியத் தொடங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தென்மேற்கு இங்கிலாந்துச் செய்யுள்களில் அதை முதலில் காண்கிறோம்.

அதன் பிறப்பு பற்றி மூன்று கருத்துகள் உண்டு. அவற்றுள் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லகோர்ட் 1953இல் தம் பெருநூலில் வாதிட்டது பிறவினைக் கருத்து. இடைக்கால ஆங்கிலத்தில் ‘டூ’வுக்கு ஒருவரைக் கொண்டு செய்வித்தல் என்ற பொருளும் இருந்தது. அரசன் ஒரு கோட்டையை ‘டிட் பில்ட்’ என்றால் கட்டுவித்தான் என்று பொருள். இதைப் புரிந்துகொள்ளத் தமிழர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகள் கோயிலை எடுப்பித்ததாகவே சொல்கின்றன, நாமோ ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான் என்று எழுதுகிறோம். ராஜராஜன் கல் சுமக்கவில்லை என்பது யாருக்கும் தெரியும். கட்டினான், கட்டுவித்தான் இரண்டும் குறிப்பது ஒரே நிகழ்வு. வேலை செய்தவர்கள் யார் என்று சொல்லப்படாத வாக்கியங்களில் பிறவினைக் குறிக்குத் தனிப் பொருள் மங்கிவிடுகிறது. தமிழில் அந்தக் குறி வினைக்குள்ளேயே ஒட்டிய விகுதியாக இருப்பதால் அது மங்கினாலும் வேறு வேலைக்குப் போகாது. ஆங்கிலத்தில் அது தனிச்சொல். பொருள் மங்கிய ‘டிட்’ வெறும் காலம் காட்டும் சொல்லாக மீந்தது. இயைபுக்கு ஏற்ற வினையை அடியின் கடைசியில் நிறுத்த வசதியாக இருந்ததால் செய்யுள் இயற்றியவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கருத்து கெல்டிக் மொழிகளைக் கைகாட்டுகிறது. வெல்ஷ் மொழியும் கார்னிஷ் மொழியும் ‘செய்’ என்ற வினையைத் துணையாக வைத்து வாக்கியம் அமைப்பவை. ஆங்கிலோ-சாக்ஸன்கள் ஐந்தாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கு வந்தபோது அங்கே பேசப்பட்டவை அவற்றின் முன்னோர் மொழிகள். ஜான் மக்வோர்ட்டர் 2008இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தது. ‘டூ’ முதலில் தென்மேற்கில், கார்ன்வால் பக்கமாகத் தோன்றுவது இதற்குச் சாதகம். தொடர்பு ஏற்பட்டு எண்ணூறு ஆண்டுகள் எழுத்தில் அதன் சுவடே இல்லாதது பாதகம். பேச்சில் இருந்தது எழுத்தில் ஏறவில்லை என்று அவர்கள் சொல்லும் பதிலை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. மூன்றாவது கருத்து எளியது: ஜெர்மன் வட்டார வழக்குகளிலும் ‘படிக்கச் செய்கிறேன்’ என்ற அமைப்பால் ‘படிக்கிறேன்’ என்று சொல்வது உண்டு, ஆகவே இது அந்தக் குடும்பத்திலேயே கிடந்த வித்து.

பிறப்பைப் பற்றிய இந்தச் சண்டை அதற்குரிய அளவுக்கு மேல் இடம் பிடித்துக்கொண்டது என்றே நினைக்கிறேன். ‘செய்’ போன்ற பொதுவினை துணைவினையாவது உலகெங்கும் நடப்பது. போன் பண்ணு, டிரைவ் பண்ணு என்று நாமே நாள்தோறும் சொல்கிறோம். வித்து எங்கும் கிடக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அது ஏன் கட்டாய இலக்கணமாக வளர்ந்தது என்பதுதான் விளக்கம் வேண்டும் செய்தி.

எல்லகோர்டின் நூலில் நிலைத்து நிற்பதும் அந்தப் பகுதிதான். கணினி இல்லாத காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு முதல் 1700 வரையிலான நூல்களிலிருந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைத் திரட்டி, ‘டூ’ வந்தவை எத்தனை, வராதவை எத்தனை என்று கணக்கிட்டு வரைபடமாக்கினார். எதிர்மறைக் கேள்விகள் முதலில் ஏறுகின்றன, மற்றக் கேள்விகள் அடுத்து, எதிர்மறைக் கூற்றுகள் அதற்கும் பின்னால். அழுத்தமோ மறுப்போ இல்லாத நேர்க்கூற்றுகளிலும் ‘டூ’ ஏறத்தான் செய்தது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் பத்துக்கு ஒன்று என்ற அளவை நெருங்கி, பிறகு அங்கே மட்டும் சரியத் தொடங்கியது. அமெரிக்க அறிஞர் ஆந்தனி குரோக் 1989இல் இதே எண்களை எடுத்து ஆராய்ந்து, அதுவரை யாரும் காணாத ஒன்றைக் கண்டார். 1575ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரை கேள்வியிலும் மறுப்பிலும் ‘டூ’வின் அளவு வேறுவேறாக இருந்தாலும் அது வளர்ந்த வேகம் ஒன்றே. பல வாக்கிய வகைகளில் பல மாற்றங்கள் நடக்கவில்லை, அடியில் நடந்த ஒரே மாற்றம் மேலே பல இடங்களில் தெரிந்தது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அந்த மாற்றம் சொல்வரிசை சார்ந்தது. ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபுகளை இழந்துவிட்டிருந்தன. ‘அரசனைக் கண்டானா பையன்?’ என்று எப்படி மாற்றிப் போட்டாலும் தமிழில் ‘ஐ’ உருபு குழப்பத்தைத் தீர்த்துவிடும். “சா த பாய் த கிங்?” என்று கேட்டால் ஆங்கிலத்தில் எதிரெதிரே இரண்டு பெயர்கள் மட்டும் நிற்கும். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையே பொருளை உணர்த்தும் நிலையில், வினை தன் இடத்தைவிட்டு முன்னால் தாவுவது மெல்லமெல்ல நின்றது. வினை நகராது, ஆனால் கேள்வி என்பதைக் காட்ட எழுவாய்க்கு முன் ஒன்று வந்தாக வேண்டும். கையருகே இருந்த, பொருள் மங்கிய ‘டிட்’ அந்த இடத்தைப் பிடித்தது. ‘பி’, ‘ஹேவ்’, ‘கேன்’, ‘வில்’ போன்ற வினைகள் மட்டும் பழைய உரிமையோடு இன்றும் முன்னால் போகின்றன. ‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’ போன்ற சில வினைகள் நீண்ட காலம் எதிர்த்து நின்றன. “ஐ நோ நாட்” என்ற தொடர் பதினெட்டாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது அதனால்தான்.

இந்த மாற்றத்தின் நடுவே எழுதியவர் ஷேக்ஸ்பியர். ஜொனதன் ஹோப் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஷேக்ஸ்பியர் 1564இல் வார்விக்‌ஷயரின் ஒரு சிறுநகரில் பிறந்தவர். அவரோடு சேர்ந்து எழுதிய ஜான் ஃப்ளெட்சர் 1579இல் தென்கிழக்குக் கடற்கரையில் பிறந்தவர், அவர் தந்தை லண்டன் பேராயராக உயர்ந்தவர். புதிய வழக்கு தென்கிழக்கிலும் நகரத்திலும் இளையவர்களிடமும் முந்திப் பரவியது. எனவே இன்றைய முறைப்படி ‘டூ’வைக் கையாள்வதில் ஃப்ளெட்சர் முன்னால் நிற்கிறார், ஷேக்ஸ்பியர் பழையதையும் புதியதையும் கலந்து எழுதுகிறார். இருவரும் சேர்ந்து எழுதிய ‘எட்டாம் ஹென்றி’ போன்ற நாடகங்களில் எந்தக் காட்சி யாருடையது என்று பிரிக்க இந்த வேறுபாடு கைகொடுக்கிறது. உவமையையும் நடையையும் ஒருவர் பின்பற்றிவிட முடியும், தாம் அறியாமலே உதிரும் ‘டிட்’டை மறைக்க முடியாது.

நேர்க்கூற்றில் தேவையின்றி வரும் ‘டூ’வுக்கு அதன்பின் மதிப்பு குறைந்தது. 1711இல் அலெக்சாண்டர் போப் விமர்சனம் பற்றிய தம் செய்யுள் கட்டுரையில், அடியை நிரப்ப அதைச் செருகும் கவிஞர்களை அதே ‘டூ’வைச் செருகிய அடி ஒன்றால் சாடினார். சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில், அதைத் தவறான வழக்காகக் கருதுகிறார்கள் என்று பதிவு செய்தார். எனினும் தென்மேற்கில் அது சாகவில்லை. டார்செட் வட்டாரக் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் காலத்திலும், நாம் ‘தினமும் வருவார்’ என்று சொல்லும் வழக்கச் செயலை அழுத்தமில்லாத ‘டூ’ ஒன்றால் அவ்வூர் மக்கள் சொன்னார்கள். அயர்லாந்து ஆங்கிலத்தின் ‘டூ பி’யும் வழக்கச் செயலைக் குறிப்பதே. ஐரிஷ் மொழியில் ‘இருக்கிறது’, ‘வழக்கமாக இருக்கும்’ இரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளதால் அங்கே அது எளிதில் வேர்கொண்டது.

இன்றைய ஆங்கிலத்தில் இந்த ‘டூ’வின் இயக்கத்தைக் கூர்மையாக வரையறுத்தவர் நோம் சாம்ஸ்கி. 1957இல் வந்த ‘சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’ நூலில், காலம் காட்டும் விகுதியைத் தனி உறுப்பாகவே அவர் எடுத்துக்கொண்டார். அது அடுத்திருக்கும் வினையோடு ஒட்ட வேண்டும். இடையில் ‘நாட்’டோ எழுவாயோ வந்துவிட்டால் ஒட்ட வழியில்லை. அப்போது அந்த விகுதியைத் தாங்க ‘டூ’ நுழைகிறது. பொருள் தர அது வருவதில்லை, காலத்தைச் சுமக்க வருகிறது.

தமிழ் இதைச் செய்யத்தான் செய்கிறது. ‘வந்தான்’ என்ற சொல்லில் அடியும் காலமும் பாலும் ஒட்டிக்கிடக்கின்றன. வந்தான்தான் என்று முடிவில் ‘தான்’ சேர்க்கலாம். வருதல் என்ற கருத்தை மட்டும் அழுத்த விரும்பினால், அடிக்கும் காலத்துக்கும் நடுவில் ‘தான்’ புக வேண்டும். புகுந்ததும் அடி ‘வர’ என்று தனித்துவிடுகிறது, காலமும் பாலும் ஒட்ட இடமின்றி நிற்கின்றன. அவற்றைத் தாங்க நாம் கூப்பிடுவது எந்த வினையை? ‘வரத்தான் செய்தான்.’ ‘வரவும் செய்தான்’, ‘இருக்கத்தான் செய்கிறது’ எல்லாம் இதே கட்டமைப்பு. இந்தச் ‘செய்’யில் செயல் ஏதுமில்லை. இருப்பது செயலே அன்று, ஆனாலும் ‘இருக்கத்தான் செய்கிறது’ என்கிறோம். “ஹி டிட் கம்” என்பதை ‘அவன் வரத்தான் செய்தான்’ என்று பெயர்த்தால் உறுப்புக்கு உறுப்பு பொருந்திவிடும்.

மறுப்பிலும் ஒரு நெருக்கம் உண்டு. ‘வந்தான்’ என்பதை மறுக்கும்போது ‘வந்தில்லை’ என்று இன்றைய தமிழில் சொல்வதில்லை. ‘வரவில்லை’ என்று வினையைக் காலம் கழற்றிய வடிவுக்குக் கொண்டுபோகிறோம். “டிட் நாட் கம்” என்பதில் ‘கேம்’ வராமல் ‘கம்’ வருவதும் இதேபோலத்தான். “டிட் யூ வென்ட்?” என்று எழுதும் நம் மாணவர்களிடம், ‘டிட் வந்தால் முதல் வடிவம்’ என்ற சூத்திரத்தை மட்டும் ஒப்புவிக்கச் சொல்கிறோம். காலம் ஒரு தடவைதான் வர வேண்டும், ‘டிட்’ அதை எடுத்துக்கொண்டது என்றும், ‘போனத்தான் செய்தான்’ என்று நீ சொல்வாயா என்றும் கேட்டால் அந்தக் குழந்தை தன் மொழிக்குள்ளேயே விடையைக் கண்டுகொள்ளும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் சிறு வயதில் இதே பிழையைச் செய்து கடந்து வருகிறார்கள். காலத்தை இரண்டு இடத்தில் வைப்பது அறியாமையின் அடையாளம் அன்று, இந்த இலக்கணம் உண்மையிலேயே கடினமானது என்பதன் அடையாளம்.

ஐரோப்பாவிலும் ஆங்கிலத்துக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. இத்தாலியின் வடக்கே, லொம்பார்டி மாநிலத்தின் வால் கமோனிகா பள்ளத்தாக்கில் மோன்னோ என்ற ஊர் இருக்கிறது. அவ்வூர் வழக்கில் கேள்வி கேட்கும்போது ‘செய்’ என்ற பொருளுடைய ‘ஃபா’வைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். அந்த ‘ஃபா’ லத்தீன் வழி வந்தது, ஆங்கில ‘டூ’வுக்கும் நம் ‘விதி’க்கும் மூலமான அதே அடி. கெல்டிக் தாக்கத்தை மட்டும் வைத்து ‘டூ’வை விளக்க முற்படுவோர் மோன்னோவுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

மாற்றம் இன்னும் முடியவில்லை. ‘ஹேவ்’ தன் பழைய உரிமையை விட்டுக்கொடுத்துவருகிறது. “ஹேவ் யூ எனி சில்ட்ரன்?” என்று கேட்ட பிரிட்டனில், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வழக்கான “டூ யூ ஹேவ்” பரவிவிட்டது. ‘பி’ மட்டும் ‘டூ’வை அண்டவிடாமல் நிற்கிறது, அதுவும் ஏவலில் தோற்றுவிட்டது. பழைய விவிலிய நடையில் ‘பி நாட்’ என்று வந்த விலக்கு, இன்று ‘டோன்ட் பி’ என்றே வருகிறது. இங்கேதான் சாம்ஸ்கியின் விளக்கம் இடறுகிறது. ஏவலில் காலம் காட்டும் விகுதி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மற்ற இடங்களிலெல்லாம் ‘டூ’வை ஏற்காத ‘பி’ இங்கே அதைக் கட்டாயமாக ஏற்கிறது. சுமக்கக் காலமே இல்லாதபோது ‘டூ’ எதைச் சுமக்க வருகிறது என்பதில் இலக்கண அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை.